குறுகிய கால வர்த்தகம்: எப்போது வாங்குவது, எவ்வளவு வாங்குவது?

காலை 9.15 மணிக்குச் சந்தை திறந்தவுடன் வேகமாக ஏறும் பங்கை வாங்குகிறேன். வாங்கிய சற்று நேரத்தில் விலை இறங்கிவிடுகிறது. எந்த நேரத்தில் வாங்குவது சரி? (வாசகர், ஈரோடு)

முந்தைய நாள் 3.30 மணிக்குப் பிறகு வெளியான செய்திகளும், இரவில் அமெரிக்கச் சந்தை சென்ற போக்கும் காலையின் முதல் சில நிமிடங்களில்தான் விலையில் எதிரொலிக்கின்றன என்பதால், அந்த ஏற்றத்தைப் பார்த்து வாங்குபவர் பெரும்பாலும் ஏற்கெனவே லாபத்தில் இருப்பவரிடமிருந்தே வாங்குகிறார். முதல் 15 நிமிடங்களின் உச்ச விலையையும் தாழ்ந்த விலையையும் குறித்துக்கொண்டு, கைமாறும் பங்குகளின் எண்ணிக்கை கூடி விலை அந்த உச்சத்துக்கு மேல் நிலைக்கிறதா என்று பார்த்த பிறகு வாங்குவது புதியவர்களுக்கு நல்லது. இதுவும் பல நாள்களில் பொய்க்கும். ஆனால் எந்த விலைக்குக் கீழே போனால் உங்கள் கணிப்பு தவறு என்பது வாங்கும்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் வாங்கும் நிறுவனத்தின் காலாண்டு முடிவு வெளியாகும் நாளிலும், ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தை அறிவிக்கும் நாளின் காலையிலும் ஒதுங்கியிருங்கள்.

என் முதலீடு 2 லட்சம் ரூபாய். 450 ரூபாய்க்கு 500 பங்குகள் வாங்கி 446 ரூபாயில் ஸ்டாப் லாஸ் (விலை அந்த அளவுக்கு இறங்கினால் விற்கச் சொல்லும் ஆர்டர்) வைத்தேன். அது அடிபட்ட பிறகு விலை 460-க்குப் போனது. இப்படி அடிக்கடி நடக்கிறது. (வாசகர், மதுரை)

உங்கள் கணிப்பில் குறையில்லை. பங்குகளின் எண்ணிக்கையில்தான் குறை இருக்கிறது. நாளொன்றுக்கு 12 ரூபாய் ஏறி இறங்குவது வழக்கமாக உள்ள ஒரு பங்கில் 4 ரூபாய் தொலைவில் ஸ்டாப் லாஸ் வைத்தால், எந்தச் செய்தியும் இல்லாத நாளில்கூட அது அடிபடும். முதலில் ஒரு வர்த்தகத்தில் எவ்வளவு இழக்கலாம் என்பதை முடிவுசெய்யுங்கள். முதலீட்டில் 1 சதவீதம் என்று வைத்தால், அது 2,000 ரூபாய். அடுத்து, பங்கின் வழக்கமான அசைவுக்கு அப்பால், 15 ரூபாய் தள்ளி 435-இல் ஸ்டாப் லாஸை வையுங்கள். 2,000-ஐ 15-ஆல் வகுத்தால் 133 பங்குகள் வரும். வாங்க வேண்டியது அவ்வளவுதான். நீங்கள் 500 பங்குகள் வாங்கியபோதும் இழப்பு அதே 2,000 ரூபாய்தான்; ஆனால் 133 பங்குகள் வைத்திருந்தால், நுழைந்த நேரம் சற்றுப் பிசகியிருந்தாலும் அந்த 460 ரூபாயைப் பார்த்திருப்பீர்கள். இன்ட்ராடேயில் (வாங்கிய நாளிலேயே விற்றுவிடும் வர்த்தகத்தில்) புரோக்கர் உங்கள் பணத்தைப்போல் ஐந்து மடங்கு வரை வாங்க அனுமதிப்பது ஒரு வசதி மட்டுமே, அது உங்கள் இழப்பைத் தாங்கும் சக்தியின் அளவு அன்று.

இந்த 1 சதவீதக் கட்டுப்பாட்டை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. தொடர்ந்து பத்து வர்த்தகங்களில் தோற்பது எவருக்கும் நேரக்கூடியது. ஒவ்வொன்றிலும் 1 சதவீதம் இழந்தவரிடம் முதலீட்டில் 90 சதவீதம் மிஞ்சும். 10 சதவீதம் இழந்தவரிடம் சுமார் 35 சதவீதமே மிஞ்சும், அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அவர் கையிலிருப்பதை ஏறக்குறைய மூன்று மடங்காக்க வேண்டும்.

ஸ்டாப் லாஸ் வைத்திருந்தும் அதைவிடப் பெரிய நஷ்டம் வருமா? (வாசகி, திருச்சி)

வரும். 2025 ஏப்ரல் 4, வெள்ளிக்கிழமை முடிந்த நிலையிலிருந்து, அமெரிக்க வரி விதிப்பு அச்சத்தால், திங்களன்று நிஃப்டி குறியீடு சுமார் 5 சதவீதம் கீழே திறந்தது. இடைப்பட்ட விலைகளில் வர்த்தகமே நடக்கவில்லை. அத்தகைய நாளில், 440-இல் தூண்டப்பட்டு 439-க்குக் குறையாமல் விற்கச் சொல்லும் ஆர்டர், பங்கு 418-இல் திறந்தால் விற்காமலே நின்றுவிடும். மேலும், சாதாரண ஸ்டாப் லாஸ் ஆர்டர் அன்றைய வர்த்தகம் முடிந்ததும் காலாவதியாகிவிடும் என்பதால் மறுநாள் மீண்டும் வைக்க வேண்டும். பங்கை இரவு தாண்டி வைத்திருப்பதானால், குறிப்பாக வார இறுதிக்கு முன், வழக்கமான எண்ணிக்கையில் பாதியை மட்டும் வைத்திருங்கள்.

விலை இறங்கும்போது மேலும் வாங்கிச் சராசரியைக் குறைக்கலாமா? (வாசகர், சேலம்)

குறுகிய கால வர்த்தகத்தில் கூடாது. கணிப்பு தவறு என்று விலையே சொல்லும்போது, நஷ்டம் தரும் பங்கில் பணத்தைக் கூட்டுவது முன்பு முடிவுசெய்த இழப்பின் வரம்பை அழித்துவிடும்.

வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக ஆப்ஷன் (ஒரு பங்கையோ குறியீட்டையோ குறித்த தேதியில் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உள்ள உரிமை) வர்த்தகம் செய்ய விரும்புகிறேன். (வாசகர், கோவை)

தயவுசெய்து வேலையை விடாதீர்கள். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பிரிவில் வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தனர். அவர்களின் மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. ஆப்ஷன் வாங்குபவருக்குத் திசையைச் சரியாகக் கணிப்பது மட்டும் போதாது. காலாவதி நெருங்க நெருங்கப் பிரீமியம் (ஆப்ஷனின் விலை) கரைவதால், சரியான திசையில் தாமதமாக நகரும் சந்தையும் அவருக்கு நஷ்டத்தையே தரும். நேரத்தைக் கணிக்கப் பழகாதவர் தொடங்க வேண்டிய இடம் இதுவன்று. சம்பளம் வரும் காலத்திலேயே ரொக்கச் சந்தையில் (பங்குகளையே வாங்கி விற்கும் பிரிவில்) சிறிய எண்ணிக்கையில் வாங்கி விற்று, ஒவ்வொரு வர்த்தகத்துக்கும் நுழைந்த காரணம், வைத்த ஸ்டாப் லாஸ், வெளியேறிய காரணம், தரகும் வரியும் போக மிஞ்சிய தொகை ஆகியவற்றை எழுதி வையுங்கள்.

இன்ட்ராடே நஷ்டத்தை வரிக் கணக்கில் கழிக்க முடியுமா? (வாசகி, தஞ்சாவூர்)

அது ஊக வணிக நஷ்டமாகக் கருதப்படுவதால் ஊக வணிக லாபத்திலிருந்து மட்டுமே கழிக்கலாம். மீதியை அடுத்த நான்கு ஆண்டுகளுக்குக் கொண்டு செல்லலாம். அதற்கு வரிக் கணக்கை உரிய தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும்.