புளூடூத் பட்டனே காணோமா? கார்டை மாற்றாதீர்கள்

அப்டேட் ஆன மறுநாளே வைஃபை, புளூடூத், பிரின்டர் என்று ஏதோ ஒன்று மக்கர் செய்கிறது என்ற கடிதங்கள்தான் இந்த முறை கை நிறைய வந்திருக்கின்றன. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மேடம், போன வாரம் ராத்திரி என் லேப்டாப்பில் விண்டோஸ் 11 அப்டேட் ஓடியது. காலையில் திறந்தால் புளூடூத் பட்டனே இல்லை. ஆஃப் ஆகியிருந்தால் ஆன் செய்துகொள்ளலாம், இங்கே அந்த இடமே காலி. வைஃபை நன்றாக வருகிறது. பக்கத்துக் கடையில் காட்டினேன். 'கார்டு போயிடுச்சு, மாத்த 3,500 ரூபாய் ஆகும்' என்றார்கள். மாற்றிவிடட்டுமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, காரைக்குடி

பதில்: மாற்றாதீர்கள் அம்மா. அந்தப் பணத்தைப் பீரோவிலேயே வையுங்கள். முதலில் செய்து பார்க்க வேண்டியது காசே செலவில்லாத வேலை.

சார்ஜரைக் கழற்றுங்கள். பென் டிரைவ், மவுஸ் என்று செருகியிருக்கும் எல்லாவற்றையும் உருவிவிடுங்கள். லேப்டாப்பை ஷட் டவுன் செய்யுங்கள். திரை முழுக்க இருண்டதும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தபடி நிதானமாக 30 வரை எண்ணுங்கள். நடுவில் விளக்கு ஒருமுறை எரிந்து அணையலாம், பயந்து விரலை எடுத்துவிடாதீர்கள். எண்ணி முடித்து ஒரு நிமிடம் சும்மா விட்டு, பிறகு சார்ஜரைச் செருகி ஆன் செய்யுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினால், பெரும்பாலான மாடல்களில் ஓர் ஓரமாக 22 மில்லிமீட்டர் அகலமும் 30 மில்லிமீட்டர் நீளமும் உள்ள குட்டி கார்டு ஒன்று இருக்கும். தபால்தலை அளவுதான். நூல் மாதிரி இரண்டு வயர் அதன் தலையில் குத்தியிருக்கும், அவை ஆன்டெனாவுக்குப் போகின்றன. வைஃபையும் புளூடூத்தும் அந்த ஒரே கார்டில்தான் குடியிருக்கின்றன, ஆனால் வாசல் வேறு வேறு. புளூடூத் பகுதி, உள்ளுக்குள்ளேயே இழுத்திருக்கும் ஒரு யுஎஸ்பி தடம் வழியாகத்தான் மதர்போர்டோடு பேசும். அப்டேட்டில் புது டிரைவர் (அந்தக் கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) ஏறும் நேரத்தில் அந்தப் பகுதி பாதியில் திகைத்து நின்றுவிட்டால், விண்டோஸ் 'நீ யார்?' என்று கேட்கும்போது அதனால் பதில் சொல்ல முடியாது. கம்ப்யூட்டரில் உள்ள கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் 'அன்நோன் யுஎஸ்பி டிவைஸ்' என்று மஞ்சள் முக்கோணத்தோடு கிடக்கும். அதை டபுள் கிளிக் செய்தால் பல சமயம் கோட் 43 என்று காட்டும். ஷட் டவுன் செய்தாலும் அந்தக் கார்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும், அதனால் திகைப்பு தெளியாது. 30 விநாடி பிடிப்பது அந்தக் கடைசிச் சொட்டையும் வடிக்கத்தான்.

'வைஃபை நன்றாக வருகிறது' என்று எழுதினீர்களே, எனக்கு அந்த ஒரு வரி போதும். கார்டே செத்திருந்தால் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே போயிருக்கும்.

போன மாதம் ஒரு கல்லூரி மாணவி இதே புகாரோடு வந்தாள். வேறொரு கடையில் கார்டு மாற்றச் சொல்லியிருந்தார்கள், தோழியிடம் கடன் வாங்கிய பணம் கையில் இருந்தது. சார்ஜரைப் பிடுங்கி, பட்டனை அவளையே பிடிக்கச் சொன்னேன். வாய்விட்டு எண்ணினாள். ஆன் ஆனதும் கீழே வலது மூலையைக் காட்டினேன், புளூடூத் இருந்தது. காதில் மாட்டிப் பாட்டு கேட்டுப் பார்த்துவிட்டு, அந்தப் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. தெரியாமல் ஒன்றைச் சொன்னால் மன்னிக்கலாம். மூடியைத் திறக்காமல், டிவைஸ் மேனேஜரைக்கூடப் பார்க்காமல் 'கார்டு போயிடுச்சு' என்பது அநியாயம்.

இதற்கும் வரவில்லையென்றால், லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கு உரிய புளூடூத் டிரைவரை இறக்கி நிறுவுங்கள். டிவைஸ் மேனேஜரில் புளூடூத் தெரிந்து, ஆனால் ஒழுங்காக ஓடவில்லையென்றால் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்து பழைய டிரைவருக்குத் திரும்பலாம். பெரிய பதிப்பு மாற்றமாக இருந்தால், பொதுவாக 10 நாட்களுக்குள் செட்டிங்ஸின் ரெக்கவரி பகுதியில் 'கோ பேக்' கொடுத்து பழைய பதிப்புக்கே போகவும் வழி உண்டு. எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால் எது சரி செய்தது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: அக்கா, என் ஹெட்போன் பட்டியலில் தெரிகிறது, 'பேர்டு' என்றும் காட்டுகிறது. கனெக்ட் கொடுத்தால் இரண்டு விநாடி சுற்றிவிட்டு விட்டுவிடுகிறது. போனில் நன்றாக வேலை செய்கிறது.
– ஐடி ஊழியர், கோவை

பதில்: தம்பி, பேர் செய்யும்போது, அதாவது ஜோடி சேர்க்கும்போது, இரண்டு கருவிகளும் ஒரு ரகசியச் சாவியை உண்டாக்கி ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்கின்றன. ஒரு பக்கத்துப் பிரதி அழிந்தாலோ மாறினாலோ பெயர் பட்டியலில் இருக்கும், கதவு திறக்காது. அப்டேட்டுக்குப் பிறகு வரும் புகார்களில் நான் முதலில் கேட்டுக்கொள்வதே இதைத்தான்: இரண்டு பேரில் யார் மறந்தது?

லேப்டாப்பில் 'ரிமூவ் டிவைஸ்' கொடுங்கள். ஹெட்போனிலும் பழைய ஜோடிகளை அழியுங்கள், எந்தப் பட்டனை எத்தனை விநாடி பிடிப்பது என்று அதன் கையேட்டில் இருக்கும். இரண்டு பக்கமும் அழிப்பதுதான் முக்கியம், பலர் ஒரு பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பிறகு லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் போதாது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ஷட் டவுன் செய்யும்போது சிஸ்டத்தின் உள்பகுதியை வட்டில் சேமித்துவைத்து மறுநாள் அப்படியே எடுத்துவிடும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும். பேர் செய்து முடிக்கும்வரை போனில் புளூடூத்தை அணைத்துவையுங்கள், இல்லையென்றால் போன் முந்திக்கொள்ளும்.

கேள்வி: ஆன்லைன் வகுப்பு எடுக்கும்போது ஹெட்செட்டில் பிள்ளைகளின் குரல் பழைய லேண்ட்லைன் போன் மாதிரி கேட்கிறது. பாட்டு மட்டும் கேட்டால் அருமையாக இருக்கிறது.
– கணித ஆசிரியர், தென்காசி

பதில்: சாதாரண புளூடூத் ஹெட்செட்டில் கேட்பதற்கு ஒரு முறை, பேசுவதற்கு ஒரு முறை. மைக் ஆன் ஆனதும் பேசும் முறைக்கு மாறி, ஸ்டீரியோ போய், விநாடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகள் கொண்ட ஒற்றைத் தட ஒலியாகச் சுருங்கிவிடும். அப்டேட் செய்தது இவ்வளவுதான் என்று நினைக்கிறேன்: முன்பு லேப்டாப் மைக்காக இருந்ததை ஹெட்செட் மைக்காக மாற்றியிருக்கும். வகுப்பு எடுக்கும் செயலியின் ஆடியோ செட்டிங்ஸில் மைக் இடத்தில் லேப்டாப்பின் மைக்கைத் தேர்ந்தெடுங்கள் சார், ஸ்பீக்கர் இடத்தில் ஹெட்செட்டே இருக்கட்டும்.

கேள்வி: கல்யாண ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ரூட்டரின் பின்னால் 4 டிபி ஹார்டு டிஸ்க் செருகி, இரண்டு கம்ப்யூட்டரிலிருந்தும் படங்களை எடுத்துவந்தேன். விண்டோஸ் 11 ப்ரோ. 24எச்2 அப்டேட் வந்த பிறகு, என் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை அனுமதிக்கவில்லை என்று செய்தி வருகிறது. நான் ஒருவன்தான் மேடம், எனக்கு ஏது நிறுவனம்? படங்கள் போய்விட்டனவா?
– புகைப்படக்காரர், கும்பகோணம்

பதில்: படங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இது அனுமதி மறுப்பு மட்டுமே, டிஸ்க் அழிந்ததற்கான செய்தி இல்லை. முதலில் நிம்மதியாக ஒரு காபி குடியுங்கள்.

2024 அக்டோபரில் வந்த 24எச்2 பதிப்பில் மைக்ரோசாஃப்ட் இரண்டு கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. ஒன்று, ப்ரோ பதிப்பில் பாஸ்வேர்டு இல்லாத 'கெஸ்ட்' நுழைவை நிறுத்தியது. இன்னொன்று, நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும்போது போகும் ஒவ்வொரு செய்தியிலும் டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம் என்றது, நடுவில் யாரும் மாற்றவில்லை என்று உறுதிசெய்வதற்காக. அந்தக் கையெழுத்துக்கான சாவி உங்கள் லாகின் வழியாகத்தான் உருவாகிறது. கெஸ்டாக நுழைகிறவருக்குப் பாஸ்வேர்டே இல்லையே, எதை வைத்துக் கையெழுத்துப் போடுவது? அதனால் ரூட்டரில் திறந்தே கிடந்த உங்கள் டிஸ்க்கின் முன்னால் விண்டோஸ் நின்றுவிட்டது.

தீர்வு ரூட்டர் பக்கம் இருக்கிறது. பிரவுசரில் ரூட்டரின் முகவரியைத் திறந்து, யுஎஸ்பி பகிர்வுப் பகுதியில் கெஸ்ட்டை நிறுத்திவிட்டு, ஒரு யூசர்நேமும் பாஸ்வேர்டும் வையுங்கள். ரூட்டருக்கு ஃபர்ம்வேர் (அதன் உள் மென்பொருள்) அப்டேட் இருந்தால் அதையும் போடுங்கள். பிறகு விண்டோஸ் பட்டனோடு R அழுத்தினால் வரும் ரன் பெட்டியில் இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு ரூட்டரின் எண்ணை, உதாரணமாக 192.168.1.1 என்று, அடித்தால் யூசர்நேம் கேட்கும். ரூட்டரில் வைத்ததைக் கொடுத்து, நினைவில் வைக்கச் சொல்லி டிக் செய்யுங்கள்.

விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கைவைத்து, கட்டுப்பாட்டையே எடுத்துவிடும் வித்தைகளை வீடியோக்களில் காட்டுவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த டிஸ்க்கில் இருப்பது ஊரார் வீட்டுக் கல்யாணம், ஊரார் வீட்டுப் பெண்களின் முகம். உங்கள் வைஃபை பாஸ்வேர்டு தெரிந்த எவரும் இத்தனை நாளாக அதைத் திறந்திருக்க முடியும்.

உங்கள் ரூட்டர் எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையில் மட்டும்தான் பேசும் என்றால் அதோடு போராட வேண்டாம். 2017 மே மாதம் உலகம் முழுக்க மருத்துவமனைகளையும் அலுவலகங்களையும் முடக்கிய வானாகிரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் அந்த முறையிலிருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. டிஸ்க்கைக் கழற்றி ஒரு கம்ப்யூட்டரிலேயே நேராகச் செருகி, அங்கிருந்து பாஸ்வேர்டோடு பகிருங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: எல்லாப் படமும் இந்த ஒரே டிஸ்க்கில்தான் என்றால், இன்றைக்கே இரண்டாவது டிஸ்க் வாங்கிப் பிரதி எடுங்கள்.

கேள்வி: வைஃபை பிரின்டர் 'ஆஃப்லைன்' என்றே காட்டுகிறது. இன்டர்நெட் வருகிறது.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: செட்டிங்ஸில் உங்கள் வைஃபையின் பண்புகளைத் திறந்து பாருங்கள். அப்டேட்டுக்குப் பிறகு அது 'பப்ளிக்' என்று மாறியிருந்தால் 'பிரைவேட்' ஆக்குங்கள். பப்ளிக் என்றால், ரயில் நிலையத்து வைஃபையில் இருப்பதுபோல் நினைத்துக் கம்ப்யூட்டர் தன்னை மறைத்துக்கொள்ளும், வீட்டுக் கருவிகளையும் தேடாது. சரியாகவில்லையா, பிரின்டரிலேயே நெட்வொர்க் விவரத்தை அச்சடித்து அதன் ஐபி எண்ணை (நெட்வொர்க்கில் அதன் முகவரி) பாருங்கள். கம்ப்யூட்டரில் வேறு எண் பதிந்திருந்தால், நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்து, ரூட்டரில் அந்த எண்ணைப் பிரின்டருக்கே ஒதுக்கிவையுங்கள். 'நெட்வொர்க் ரீசெட்' பட்டனை மட்டும் அவசரப்பட்டுத் தொடாதீர்கள், சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள், விபிஎன் எல்லாம் போய்விடும்.

கேள்வி: அம்மாவின் போனை அப்டேட் செய்ததும் வீட்டு வைஃபை ஏற்கவில்லை. பாஸ்வேர்டு சரிதான். பட்டியலில் உள்ள கருவிகளை மட்டும் விடும்படி ரூட்டரில் வைத்திருக்கிறேன்.
– கல்லூரி மாணவர், யாழ்ப்பாணம்

பதில்: அந்தப் பட்டியல்தான் காரணம். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் தம் உண்மையான மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்) காட்டாமல் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு மாற்று முகவரியைக் காட்டுகின்றன. வெளியிடங்களில் உங்களைப் பின்தொடராமல் காக்கும் நல்ல வசதி அது, முழுக்க நிறுத்த வேண்டாம். வீட்டு வைஃபையின் பெயரைத் தொட்டு, அதற்கு மட்டும் போனின் சொந்த முகவரியைத் தேர்ந்தெடுங்கள். ஐபோன் என்றால் 'பிரைவேட் வைஃபை அட்ரஸ்' என்று இருக்கும். பிறகு அதே எண்தான் ரூட்டர் பட்டியலில் இருக்கிறதா என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.