தாங்கி இல்லாமல் நொதியைத் துகளாக்குவது என்றால் என்ன?

நீரில் கரைந்திருக்கும் நொதியை வேறொரு தாங்கிப் பொருளின் மேல் ஒட்டாமல், நொதி மூலக்கூறுகளையே ஒன்றோடொன்று பிணைத்துக் கரையாத துகளாக்குவதற்கு இப்பெயர்.

இதன் தேவையை எங்கள் குன்னூர்த் தேயிலை ஆலையிலிருந்தே விளக்கலாம். உருட்டும்போது கசங்கும் இலையின் நொதி, காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு பச்சை இலையைச் செம்பழுப்பாக்குகிறது. பிறகு உலர்த்தியின் சூட்டில் செயலிழக்கிறது. இலையோடு இலவசமாக வருவதால் அந்த இழப்பு யாரையும் வருத்துவதில்லை. மருந்து ஆலையிலோ நொதியை விலைகொடுத்து வாங்க வேண்டும். அது கரைந்தே இருந்தால் மீட்பது கடினம், துகளானால் வடிகட்டி மறுபடி பயன்படுத்தலாம்.

தாங்கியில் ஒட்டினாலும் வடிகட்டலாம்தான். ஆனால் அப்போது எடையில் பெரும்பாலும் 90 விழுக்காட்டுக்கு மேல் வினைபுரியாத தாங்கியே இருக்கும். இந்தச் சுமையைத் தவிர்க்கும் எளிய முறையொன்றை, நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ரோஜர் ஷெல்டன் குழுவினர் 2000இல் பென்சிலின் அசைலேஸ் என்னும் நொதியைக் கொண்டு காட்டினார்கள். அம்மோனியம் சல்பேட் போன்ற உப்பைச் சேர்த்தால் நொதி திரள்கிறது. அத்திரளைக் குளூட்டரால்டிஹைடு என்னும் பிணைக்கும் வேதிப்பொருள் பிணைக்கிறது.

கடலை உருண்டையை நினைத்துப் பாருங்கள்: சிறிதளவு வெல்லப்பாகு பிடித்துவைக்க, உருண்டை முழுவதும் கடலையாகவே இருக்கிறது. பாகு முற்றினால் உருண்டை கல்லாகிவிடுவதைப் போல, பிணைப்பு மிகுந்தால் நொதி இறுகிச் செயல் குறையும் என்பதால், அளவறிந்து சேர்ப்பதே இம்முறையின் உண்மையான நுட்பம் என்பேன்.

கெட்டியானதும் நொதி வெந்த முட்டையைப் போலக் கெட்டுவிடும் எனப் பலர் கருதுகிறார்கள். ஆனால் உப்பால் திரளும்போது மூலக்கூறு மடிந்திருக்கும் வடிவம் பெரிதும் குலையாததால், அது தொடர்ந்து வினைபுரிகிறது.