விளக்கு மூடிக்கு எந்த பிளாஸ்டிக்? கேள்வி பதில்

காட்பாடியில் பிளாஸ்டிக் ஷீட் வெட்டும் தொழிலில் இருக்கிறேன். போர்டு வேலைதான் அதிகம். வெயில் ஏறினால் விளக்கு மூடி வேலையும் சேர்ந்துகொள்ளும். உருகிவிட்டது, மஞ்சளாகிவிட்டது, விரிசல் விட்டுவிட்டது என்று வருவார்கள். இந்த முறை வந்த கேள்விகள் இவை.

சத்துவாச்சாரி: அண்ணா, கேட் தூண் மேல் உருண்டை விளக்கு வைக்கிறோம். அக்ரிலிக், பாலிகார்பனேட் இரண்டும் ஒன்றுதான் என்கிறார் கடைக்காரர். விலை மட்டும் ஏன் வேறு?

ஒன்றே இல்லை. தெளிவான அக்ரிலிக் சுமார் 92 சதவீத வெளிச்சத்தை விடும், பாலிகார்பனேட் 88 அளவுக்கு. அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. வெயிலைத் தாங்குவதில் அக்ரிலிக் கெட்டி, வருடக்கணக்கில் மஞ்சளாகாது. ஆனால் அடி விழுந்தால் உடையும். பாலிகார்பனேட் கண்ணாடியைவிட 200 மடங்குக்கு மேல் அடி தாங்கும். கார் ஹெட்லைட் முகப்பை அதில் செய்வது அதனால்தான். கீறல் மட்டும் சீக்கிரம் விழும். உங்கள் தெருவில் பசங்க கிரிக்கெட் ஆடுகிறார்களா? ஆடினால் பாலிகார்பனேட். இல்லையென்றால் அக்ரிலிக்கே போதும், காசும் மிச்சம்.

ஆற்காடு: பாலிகார்பனேட்தான் போட்டேன் சார். ஒன்றரை வருடத்தில் டீத்தண்ணி நிறமாகிவிட்டது.

ஷீட்டை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டார்கள் என்று கேளுங்கள். நல்ல ஷீட்டில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும். மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளில் அது எந்தப் பக்கம் என்று அச்சிட்டிருப்பார்கள். அந்தப் பக்கம் வெயிலைப் பார்க்க வேண்டும். நானே ஆரம்பத்தில் தாளை முதலில் உரித்துப் போட்டுவிட்டு, பிறகு பக்கம் தெரியாமல் குத்துமதிப்பாக மாட்டியிருக்கிறேன். பன்னிரண்டு மூடி, என் சொந்தச் செலவில் மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து மாட்டி முடித்த பிறகுதான் தாளை உரிப்பேன். பூச்சே இல்லாத மலிவு ஷீட் என்றால் எப்படித் திருப்பினாலும் மஞ்சள்தான்.

குடியாத்தம்: பூஜை அறையில் 60 வாட் குண்டு பல்புக்கு அக்ரிலிக் மூடி. தொங்கிப்போய்விட்டது.

தொங்கத்தான் செய்யும். குண்டு பல்பின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டும். அக்ரிலிக் 80, 90 டிகிரியிலேயே தளர ஆரம்பிக்கும். பாலிகார்பனேட் 115, 120 வரை தாங்கும் என்றாலும் இறுக்கமான மூடிக்குள் அதையும் நம்ப மாட்டேன். மூடியை விடுங்கள், பல்பை மாற்றுங்கள். 9 வாட் எல்.இ.டி. போட்டால் அக்ரிலிக்கே காலத்துக்கும் இருக்கும். எண்ணெய் விளக்கின் பக்கத்தில் மட்டும் எந்த பிளாஸ்டிக்கும் வேண்டாம், அங்கே கண்ணாடிக் கூண்டுதான்.

ராணிப்பேட்டை: தோல் ஃபினிஷிங் பிரிவில் பாலிகார்பனேட் மூடிகள். அடி எதுவும் படவில்லை, ஆனால் திருகு போட்ட இடத்தைச் சுற்றி முடி போல விரிசல்.

நம் பக்கத்துக்கென்றே வரும் கேள்வி. தோலுக்குப் பூச்சு ஸ்ப்ரே அடிக்கும் இடத்தில், பூச்சைக் கரைக்கும் தின்னரின் ஆவி சும்மா இருக்காது. திருகு இறுகி இழுவிசை நிற்கும் இடத்தைத் தேடிப்போய் அது பாலிகார்பனேட்டைப் பிளக்கும். அக்ரிலிக்கும் தப்பாது. உறுதியான ஷீட் போட்டோமே என்று நீங்கள் நினைத்தது நியாயம்தான். ஆனால் சுத்தியலுக்கு அசையாத பொருள் ஆவிக்கு விட்டுக்கொடுத்துவிடும். அங்கே கெட்டிப்படுத்திய கண்ணாடி முகப்பு வைத்த ஃபிட்டிங்தான் சரி. அதிலும் எரியும் ஆவி உள்ள இடத்துக்கென்றே செய்த ஃபிட்டிங்காக வாங்குங்கள், சாதாரண விளக்கு கூடாது.

வாலாஜாபேட்டை: கடை போர்டில் பால் வெள்ளை அக்ரிலிக்குக்குப் பின்னால் எல்.இ.டி. பட்டை. புள்ளி புள்ளியாகத் தெரிகிறது.

ஷீட்டின் குற்றமில்லை. இரண்டு எல்.இ.டி.க்கு நடுவே எவ்வளவு இடைவெளியோ, குறைந்தது அவ்வளவு தூரமாவது ஷீட்டுக்கும் பட்டைக்கும் இருக்க வேண்டும். பெட்டியை ஆழமாக்குங்கள், அல்லது நெருக்கமான பட்டை வாங்குங்கள்.

பாகாயம்: கையில் இருப்பது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு துண்டை வெளியில் வைத்து, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். அக்ரிலிக் அணையாமல் எரியும், பழ வாசம் வரும். பாலிகார்பனேட் நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும். கரும்புகை ஒட்டடை போலப் பறந்தால் பாலிஸ்டைரீன் என்ற வேறொரு பிளாஸ்டிக். பழைய ட்யூப்லைட் மூடிகளில் நிறைய வந்தது, வெயிலில் ஒரு கோடைகூடத் தாங்காது. புகையை மூக்கில் இழுக்காதீர்கள்.

ஆம்பூர்: சானிடைசர் போட்டு துடைக்கலாமா அண்ணா?

வேண்டாம், அக்ரிலிக்கில் ஆல்கஹால் பட்டால் நுண்விரிசல் விடும். சோப்புத் தண்ணி, பருத்தித் துணி.

காட்பாடி: ஷீட் போட்ட புதிதில் நன்றாக இருந்தது. மே மாதம் திருகு ஓட்டையில் வெடித்துவிட்டது.

ஓட்டை இறுக்கமாகப் போட்டிருப்பார்கள். ஒரு மீட்டர் ஷீட், 30 டிகிரி சூடு ஏறினால் சுமார் 2 மில்லிமீட்டர் நீளும். மார்கழி விடியற்காலைக்கும் அக்னி நட்சத்திர மத்தியானத்துக்கும் நடுவே நம் ஊரில் அதற்கு மேலேயே ஏறும். திருகைவிட ஓட்டையைப் பெரிதாக்கி, ரப்பர் வாஷர் வைத்து, லேசாக மட்டும் முடுக்கச் சொல்லுங்கள்.