துவக்கின் வயது குழலின் அடியில்

கேள்வி: ஐயா, என் தாத்தா தேயிலைத் தோட்டத்தில் வாச்சராக இருந்தவர். பழைய துரை ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப்போன ரெட்டைக்குழல் துவக்கு இப்போது என் பெயரில் லைசன்சோடு இருக்கிறது. "1880இல் குருப் கம்பெனி செய்தது" என்பார் தாத்தா. குழலைக் கழற்றினால் அடியில் மூன்று வளையம், சின்னக் கிரீடங்களின் கீழே பி, யூ, எஸ், டபிள்யூ எழுத்துகள், வட்டத்துக்குள் 16, ஓரத்தில் 6.27. இவை என்ன? காட்டுப்பன்றிக்கு ஒற்றைக் குண்டு போடலாமா?
- ஹப்புத்தளை வாசகர்

பதில்: தம்பி, குழலைக் கழற்றிப் பார்த்தீர்களே, அதுதான் சரியான வழி. மேலே இருக்கும் பூவேலையைப் பார்த்து வயது சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

6.27 என்றால் 1927 ஜூன். அந்த மாதம் இந்தக் குழல் ஜெர்மனியில் வெடிச் சோதனை தாண்டியிருக்கிறது. அந்த எண் இல்லாவிட்டாலும் 1880 பொருந்தாது. கிரீட எழுத்துகள் 1891ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தவை, நடைமுறைக்கு வந்தது 1893இல். அப்போது கையிருப்பில் இருந்த பழைய துவக்குகளுக்குக் கிரீடத்தின் கீழ் வி அடித்தார்கள். உங்களுடையதில் அது இல்லை.

மூன்று வளையம் ஜெர்மன் உருக்குக் கம்பெனியான குருப்பின் முத்திரைதான். ரயில் சக்கரத்துக்குப் பொருத்தும் இணைப்பில்லாத வளையங்களை வைத்து 1875இல் அமைத்துக்கொண்டது. ஆனால் அது உருக்கு யாருடையது என்று மட்டுமே சொல்லும். அந்த உருக்கை வாங்கித் துவக்குச் செய்தவர்கள் பலர். கையில் தடியோடு ஒரு காட்டுமனிதன் உருவம் எங்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அது 1751இல் சூல் நகரில் தொடங்கிய சாவர் கம்பெனியின் அடையாளம்.

பி என்பது வெடிச் சோதனை, யூ பார்வைச் சோதனை. எஸ், சிறுகுண்டுக் குழல். டபிள்யூ தான் முக்கியம்: குழல் வாயருகே ஒடுங்கியிருக்கிறது. பின்னால் லேசாக நுழையும் ஒற்றைக் குண்டு வாயில் இறுகும், குழல் வீங்கும், வெடிக்கவும் கூடும். போடவே வேண்டாம்.

கிரீடத்தின் கீழ் என் எழுத்தோ, நைட்ரோ என்ற சொல்லோ இருக்கிறதா என்று இன்னொரு தடவை தேடுங்கள். மண்ணெண்ணெய் தொட்ட பழைய பல்துலக்கியும் ஒரு பூதக்கண்ணாடியும் போதும். உப்புத்தாள் மட்டும் வேண்டாம், முத்திரையே அழிந்துவிடும். அந்த அடையாளம் இல்லையென்றால் இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டா ஆகாது. இருந்தாலும் தோட்டா அறையை அளக்க வேண்டும். வட்டத்துக்குள் இருக்கும் 16 குழலின் அளவு எண். அந்தக் காலத்து 16க்கு 65 மில்லிமீட்டர் நீளந்தான் வழக்கம், இப்போது வரும் தோட்டா 70. நீளத் தோட்டா உள்ளே போய்விடும். சுடும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். லைசன்சையும் எடுத்துக்கொண்டு துவக்கு வேலை தெரிந்தவரிடம் கொடுத்து அளந்து பாருங்கள். அதுவரை தோட்டா போடாமல் பூட்டி வையுங்கள்.