நானும் சேர்ந்து சிரித்தேன், அக்கா

கேள்வி: எனக்கு 26 வயது, தண்டையார்பேட்டை. கல்லூரி நாளிலிருந்து கட்சி வேலை. மேடை போடுவது, மைக் செட் பேசிவிடுவது, கொடி கட்டுவது எல்லாம் நான்தான். நான் தன்பாலீர்ப்பாளன். வீட்டிலும் கட்சியிலும் யாருக்கும் தெரியாது. போன வாரம் தெருமுனைக் கூட்டத்தில் எங்கள் வட்டச் செயலாளர், "ஆம்பளையும் ஆம்பளையும் கட்டிக்கிறதெல்லாம் பங்களாக்காரன் பொழுதுபோக்கு, நம்ம ஏரியாவுக்கு எதுக்கு?" என்றார். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். கட்சியை விட்டுவிடலாமா, அக்கா? வீட்டில் வேறு பெண் பார்க்கிறார்கள்.
– பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, சிரித்ததற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் நிற்பவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்த இன்னொருவரும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்.

பங்களாக்காரன் பேச்சு உங்கள் செயலாளரின் சொந்தச் சரக்கு இல்லை. 2023-ல் தன்பாலினத் திருமண வழக்கில் ஒன்றிய அரசே இதை நகர்ப்புற மேல்தட்டுப் பார்வை என்றுதான் எழுதிக் கொடுத்தது. திருமண உரிமை அதில் கிடைக்கவில்லை. ஆனாலும் அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட் அந்த வாதத்தை விட்டுவைக்கவில்லை. ஆங்கிலம் பேசும் ஆபீஸ்காரர் மட்டுமல்ல, வயலில் வேலை செய்யும் பெண்ணும் இப்படி இருக்கலாம் என்று எழுதினார். காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவரும் இருக்கலாம், மைக் செட் பேசிவிடுகிற நீங்களும் இருக்கிறீர்கள்.

எனக்கு மேடைக் கிண்டலைவிட சபையில் காட்டிய மௌனம்தான் அதிகம் உறுத்துகிறது. தன்பாலின உறவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவு 377-ஐத் திருத்த 2015 டிசம்பரில் சசி தரூர் மக்களவையில் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். விவாதம்கூட இல்லை, அறிமுகம் செய்யவே விடவில்லை. எதிராக 71, ஆதரவாக 24. அத்தனை பெரிய அவையில் ஓட்டுப் போட்டவர்கள் நூறைத் தொடவில்லை! மற்றவர்கள் எங்கே போனார்கள்? 2018-ல் வழக்கு வந்தபோதும், சம்மதத்தோடு கூடும் வயது வந்தவர்கள் விஷயத்தை நீதிமன்றமே பார்த்துக்கொள்ளட்டும் என்று அரசு ஒதுங்கிக்கொண்டது. செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள்தான் அதைக் குற்றமில்லை என்றார்கள். ஓட்டு வராத இடத்தில் கட்சிகளுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

அதனால் விலகுவதா இருப்பதா என்பதை ஒரு ஜோக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். கட்சியைத் திருத்தும் பொறுப்பும் உங்கள் தலையில் இல்லை. மூச்சு முட்டினால் தாராளமாக வெளியே வாருங்கள். இருப்பதென்றால், உங்களைப் பற்றி எதுவும் சொல்லாமலே செயலாளரிடம் பேச வழி இருக்கிறது. ஐயர் இல்லாமல் நடந்த சுயமரியாதைக் கல்யாணத்தையும் ஒரு காலத்தில் செல்லாது என்றார்கள், ஊரே கிண்டல் செய்தது. 1967-ல் அண்ணா ஆட்சியில் சட்டம் வந்தது, ஏற்கெனவே நடந்தவையும் செல்லுபடியாயின. இதை நம்மூர் மேடையில் ஏறுகிறவருக்கு நினைவுபடுத்தலாம். "அண்ணா, கூட்டத்துல எல்லா வீட்டுப் பிள்ளைங்களும் நிக்குதுங்க, அந்த ஜோக் வேணாமே" என்றால் போதும்.

அப்புறம், பெண் பார்க்கிற விஷயம். இதில் மட்டும் கறாராகச் சொல்கிறேன்: ஊர் வாயை அடைக்க ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி கட்டாதீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்று தள்ளிப்போடுங்கள். காரணத்தை எப்போது சொல்வது என்பது உங்கள் இஷ்டம். டாக்டரிடம் போனால் "சரியாகிவிடும்" என்று யாராவது கூட்டிப்போனால் போகாதீர்கள். மாற்றுகிறேன் என்று சிகிச்சை செய்வதற்கு 2021-லேயே சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தடை போட்டுவிட்டார். போலீஸ் நடத்தை விதிகளிலும் உங்களைப் போன்றவர்களைத் தொல்லை செய்யக்கூடாது என்று 2022-ல் சேர்த்தாயிற்று.

செயலாளரைப் பார்க்கத் தனியாகப் போங்கள், காலையில் போங்கள். சுற்றி நாலு பேர் இருந்தால் அவர் அதையும் கூட்டமாக்கிவிடுவார்.