விம் தொகுப்பானை எங்கிருந்து கற்கத் தொடங்குவது? அது உண்மையில் வெறும் பகட்டுதானா?

நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு. விசைப்பலகையாலேயே இயங்கும் உரைத் தொகுப்பானான விம்மை (Vim) எப்படித் தொடங்குவது என்பது ஒன்று. கையருகே சுட்டி இருக்கும்போது எல்லாவற்றையும் விசைகளாலேயே செய்வது வெறும் பகட்டு என்று உங்கள் அலுவலக நண்பர்கள் சொல்வது சரியா என்பது மற்றொன்று. இரண்டாவதுதான் என்னை எழுத வைத்தது. அதே சொல்லை நானும் கொழும்பில் ஒரு கூட்டத்தில், பலர் சிரிப்புக்கு நடுவே கேட்டிருக்கிறேன்.

நீங்கள் சுட்டியோடு பயன்படுத்தும் விஎஸ் கோட் தொகுப்பானில் பழகியவர் என்றும், ஒரு தடவை விம்மைத் திறந்துவிட்டு வெளியேறும் வழி தெரியாமல் சாளரத்தையே மூடியவர் என்றும் எடுத்துக்கொள்கிறேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விம்மிலிருந்து வெளியேறுவது எப்படி என்று நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃபுளோவில் 2012 இல் கேட்கப்பட்ட கேள்வி, 2017 க்குள் பத்து இலட்சம் தடவைக்கு மேல் பார்க்கப்பட்டிருந்தது. எஸ்கேப்பை அழுத்தி, கோலன், கியூ, ஆச்சரியக்குறி மூன்றையும் தட்டி என்டர் கொடுத்தால், சேமிக்காமல் வெளியே வந்துவிடலாம்.

நான் இலங்கை மலையகத்தின் டிக்கோயாவில் இருந்தபடி கொழும்பு நிறுவனம் ஒன்றின் சேவையகங்களைப் பராமரிக்கிறேன். மழை இறங்கிவிட்டால் இங்கே தொலைபேசிச் சிக்னல் ஒரு கோட்டுக்குக் குறைந்துவிடும். விஎஸ் கோட் வழியாகத் தூரத்துச் சேவையகத்தைத் திறக்க வேண்டுமானால், அது முதலில் தன்னுடைய ஒரு பகுதியை அங்கே நிறுவியாக வேண்டும். ஃபைபர் இணைப்பு உள்ளவருக்கு அது கண்ணிமைக்கும் வேலை, எனக்கோ தேநீர் ஆறிவிடும். தூரத்துக் கணினிக்குள் கட்டளை வரியால் நுழையும் எஸ்எஸ்எச் வழியாக விம்மைத் திறந்தால், நான் தட்டும் விசைகள் போகின்றன, திரையில் மாறிய பகுதி மட்டும் திரும்பி வருகிறது. இணைப்பு நடுவில் அறுந்தாலும் விம் எழுதியதைத் தன் ஸ்வாப் கோப்பு என்னும் தற்காலிகக் கோப்பில் காத்துவிட்டே மூடும். இதைப் பகட்டு என்பவர்கள் ஒரு மழைக்கால மாலையில் எங்கள் வீட்டிலிருந்து ஒரு வரியைத் திருத்திக் காட்டட்டும். (வேகமான இணைப்பு உள்ளவர்கள் விம்மை விரும்பக் கூடாது என்று நான் சொல்லவில்லை, யாராவது அப்படிப் பொருள் கொள்வதற்கு முன்பே தெளிவுபடுத்திவிடுகிறேன்.)

விம்மின் மூதாதையான விஐ பிறந்ததே மந்தமான இணைப்பில்தான். 1976 இல் பெர்க்லியில் பில் ஜாய் அதை எழுதியபோது அவர் பயன்படுத்தியது 300 பாட் மோடம். விநாடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துக்களே அதில் கடக்கும். கட்டளைகள் ஓரெழுத்திலும் ஈரெழுத்திலும் சுருங்கியிருப்பதில் அந்தக் காலத்தின் தடம் தெரிகிறது. எச், ஜே, கே, எல் விசைகளால் நகர்வதும் யாருடைய விசித்திரமும் அல்ல. அவர் முன்னிருந்த ஏடிஎம் 3ஏ (ADM-3A) என்னும் கணினி முனையத்தில் அம்புக்குறிகள் அந்த நான்கு விசைகளின் மேல்தான் அச்சிடப்பட்டிருந்தன. பிராம் மூலெனார் 1991 இல் அமிகா கணினிக்காக வெளியிட்ட விம், இந்த வழியில் வந்ததே.

இலங்கையின் 2022 மின்வெட்டு மாதங்களில், நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற அந்த மார்ச் இறுதியில், என்னிடம் இருந்தது பற்றரியே இல்லாத மேசைக்கணினி. விம் 200 எழுத்துக்களுக்கு ஒருமுறையோ, நான்கு விநாடி நாம் தட்டாமல் இருந்தாலோ ஸ்வாப் கோப்பைப் புதுப்பித்துக்கொள்கிறது. மின்சாரம் திரும்பியதும் அதே கோப்பைத் திறந்தால் ஓர் எச்சரிக்கை வரும். அதில் ஆர் என்று தட்டினால், இழந்தது பெரும்பாலும் கடைசியாகத் தட்டிய சிறு பகுதியாகவே இருக்கும். மீட்டதைச் சேமித்தபின் பழைய ஸ்வாப் கோப்பை அழித்துவிட வேண்டும், இல்லையேல் அந்த எச்சரிக்கை ஒவ்வொரு முறையும் வந்து நிற்கும்.

இனித் தொடங்கும் வழிக்கு வருகிறேன். கட்டளைகளைத் தட்டும் முனையச் சாளரத்தில் விம்டியூட்டர் (vimtutor) என்று தட்டுங்கள். விம்முடனேயே வரும் அந்தப் பாடம் அரை மணி நேரத்தில் முடியும். பிறருடைய நீண்ட அமைவுக் கோப்பைப் பிரதி செய்யாதீர்கள், நீட்சிகளை இப்போது தொடவே வேண்டாம். முதலில் மனதில் பதிய வேண்டியது, விசைகள் எழுத்துக்களாகாமல் கட்டளைகளாகும் நார்மல் நிலைதான் விம்மின் இருப்பிடம் என்பது. எழுதுவதற்கு மட்டும் ஐ தட்டி இன்சர்ட் நிலைக்குப் போய், முடிந்ததும் எஸ்கேப் தட்டித் திரும்பிவிட வேண்டும். புதியவர்கள் இன்சர்ட் நிலையிலேயே குடியிருந்து அம்புக்குறிகளால் அலைவதால்தான் சலித்துப்போகிறார்கள்.

கட்டளைகளுக்கு ஓர் இலக்கணம் உண்டு. டி என்பது நீக்கு, சி என்பது மாற்று. அதன்பின் எதை என்று சொல்ல வேண்டும். சி, ஐ, டபிள்யூ என்று தட்டினால் நிற்கும் சொல் நீங்கி, புதிய சொல்லுக்கு இடம் கிடைக்கும்; டபிள்யூவுக்குப் பதில் மேற்கோள்குறி என்றால் குறிகளுக்கு உள்ளே இருப்பது மட்டும் மாறும். புள்ளி விசை கடைசித் திருத்தத்தை மறுபடி செய்யும். இதில் வினை முன்னே, செயப்படுபொருள் பின்னே வருகிறது. தமிழில் நினைக்கும் நமக்கு இது தலைகீழாகத் தோன்றலாம். அப்படித் தோன்றினால் வி தட்டி விஷுவல் நிலையில் பொருளை முதலில் தெரிவுசெய்து, பிறகு வினையைக் கொடுங்கள். ஹீலிக்ஸ் என்னும் புதிய தொகுப்பான் முழுவதும் இந்த வரிசையில்தான் இயங்குகிறது. தெரிவு கண்ணுக்குத் தெரிந்தபின் செயல்படுவது எனக்கும் பிடித்த முறையே. ஆனால் புள்ளி விசையின் முழுப் பயனும் வினை முன்வரும் முறையில்தான் கிடைக்கிறது.

தமிழ் தட்டச்சு செய்பவர்களுக்கு ஆங்கிலப் பாடங்களில் சொல்லப்படாத ஒரு தொல்லை உண்டு. விசைப்பலகை, இலங்கையில் வழங்கும் தமிழ் விசை வரிசையான ரெங்கநாதன் அமைப்பில் இருக்கும்போது எஸ்கேப் தட்டி நார்மல் நிலைக்கு வந்தால், ஜே விசை விம்முக்குத் தமிழ் எழுத்தாகவே போய்ச் சேரும். கட்டளை எதுவும் நடக்காது, விம் பழுதாகிவிட்டது போலத் தோன்றும். இயங்குதளத்தின் அமைப்பை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு, விசைக்கு எழுத்தைப் பொருத்தும் விம்மின் கீமேப் வசதியால் தமிழைத் தட்டுவதே தீர்வு. அது இன்சர்ட் நிலையில் எழுத்துக்களை மாற்றும், நார்மல் நிலைக் கட்டளைகளைத் தொடாது; கன்ட்ரோலும் ஆறும் சேர்த்துத் தட்டினால் தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி வரும். கூடவே வரும் தமிழ் கீமேப் பழைய டிஸ்கி குறியாக்கத்துக்கானது. யூனிகோடுக்கு நீங்களே ஒரு கோப்பு எழுதிக்கொள்ள வேண்டும். லோட்கீமேப் என்ற வரிக்குக் கீழே, வரிக்கு ஒரு விசையும் அதற்குரிய எழுத்துமாக அடுக்கினால் போதும். நான் எழுதியது எனக்குப் பழகிய ரெங்கநாதன் வரிசைக்கே. வேறு வரிசையில் தட்டுபவராயின் சொல்லுங்கள், அதற்கேற்ப மாற்றித் தருகிறேன்.