பெரிய ரிம்முக்கு எந்த டயர்? மலைநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்களுக்குக் கேள்வி பதில்

கண்டியிலிருந்து பதுளை வரை நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள், முடிந்தவரை எல்லாவற்றுக்கும் பதில் எழுதுகிறேன். அதற்கு முன் எல்லாருக்கும் பொதுவாக ஒன்று. ரிம்மை முதலில் வாங்கிவிட்டு அதற்கு டயர் தேடி அலையாதீர்கள். நீங்கள் தினமும் ஓடும் பாதைக்கு எவ்வளவு பக்கச்சுவர் (ரிம்மின் விளிம்புக்கும் தரைக்கும் இடையில் நிற்கும் ரப்பரின் உயரம்) வேண்டும், எந்த அளவில் நல்ல டயர் தடையில்லாமல் கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு அந்த டயருக்கு ரிம் தேடுங்கள்.

கேள்வி (கண்டி): அண்ணா, என்னிடம் இருப்பது டொயோட்டா 86. கம்பனி டயர் 215/45/17. 18 அங்குல ரிம் போடப் போகிறேன். கடைக்காரர் 225/45/18 கைவசம் இருக்கு, பொருந்தும் என்கிறார். போடலாமா?

வேண்டாம் தம்பி. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. மூன்றாவது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பக்கச்சுவர் மேலும் கீழும் இரண்டு தடவை வரும், ஒரு அங்குலம் 25.4 மி.மீ. அப்படியென்றால் உங்கள் கம்பனி டயரின் மொத்த விட்டம் 625 மி.மீ. கடைக்காரர் சொல்லும் 225/45/18 கிட்டத்தட்ட 660 வருகிறது. ஐந்தரை சதவீதம் பெரிது. மீட்டர் 60 காட்டும்போது வண்டி 63க்கு மேல் ஓடும், மட்கார்டுக்குள் டயர் 17 மி.மீ. மேலே ஏறி நிற்கும்.

அதைவிட நம்ம பக்கத்தில் முக்கியமானது ஏற்றம். டயர் பெரிதானால் எல்லாக் கியரும் நீண்டுவிடும், அதாவது ஒவ்வொரு கியரிலும் இழுவை குறையும். நுவரெலியா உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் டர்போ இல்லாத என்ஜின் கொழும்பில் காட்டும் பலத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை ஏற்கனவே இழந்துதான் ஓடுகிறது. 86க்கு 4,000 சுற்று வாக்கில் இழுவை விழுவது ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும். ரம்பொடை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் என்ஜின் அலறும், மூன்றாம் கியரில் மூச்சு வாங்கும், நடுவில் ஒன்றும் இருக்காது.

18 தான் வேண்டும் என்றால் 215/40/18 போடுங்கள், 629 மி.மீ., கம்பனி அளவோடு ஒரு சதவீதம்கூட வித்தியாசமில்லை. 225/40/18 போட்டால் 637, இரண்டு சதவீதத்துக்குள் நிற்கும், அதுவும் சரிதான். மூன்று சதவீதம் வரை போகலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள், மலையில் ஓடுகிறவர்களுக்கு நான் இரண்டோடு நிறுத்தச் சொல்வேன்.

கேள்வி (பண்டாரவளை): பழைய மாஸ்டா ரோட்ஸ்டர், முதல் மாடல், 185/60/14. நண்பர்கள் 16 போட்டால்தான் பார்வையாக இருக்கும் என்கிறார்கள். 15 போதுமா?

15 போதும் மட்டுமில்லை, அந்தக் காருக்கு அதுதான் சரி. 195/50/15 போட்டால் விட்டம் 576 மி.மீ., கம்பனி டயர் 578. மீட்டரும் மாறாது, கியரும் மாறாது, பக்கச்சுவர் 111 இலிருந்து 97க்கு இறங்கும். அந்தச் சின்ன வித்தியாசமே ஸ்டியரிங்கில் நன்றாகத் தெரியும், வளைவில் திருப்பினவுடன் மூக்கு போகும். ரிம் ஆறரை அங்குல அகலத்தில் எடுங்கள், ஏழு வரை அந்த டயர் தாங்கும்.

16 போட்டால் 195/45/16 தான் விட்டத்துக்குச் சரியாக வரும். பக்கச்சுவர் 88 மி.மீ.க்குப் போய்விடும், ரிம்மும் பாரம் கூடும். ஒரு தொன் அளவே வரும் கார் அது, சில்லில் கூடும் ஒவ்வொரு கிலோவும் குழியில் விழும்போது தெரியும். இன்னொன்று, 195/50/15 பல சாதாரண கார்களுக்கும் போகும் அளவு, ஒரு டயர் வெட்டுப்பட்டால் ஒற்றையாகத் தேடி எடுக்கலாம். 195/45/16 அப்படிக் கிடைக்காது.

கேள்வி (ஹட்டன்): 18க்கு எட்டு அங்குல ரிம் ஒரு செட் பார்த்திருக்கிறேன், ஓஃப்செட் 35. என் காரின் கம்பனி ரிம் 17க்கு ஏழு, ஓஃப்செட் 48. உரசுமா அண்ணே?

உரசும், அதுவும் வெளிப்பக்கம். ஓஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து போல்ட் போடும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்ற கணக்கு. எண் குறையக் குறைய சில்லு வெளியே வரும். உங்கள் ரிம் ஒரு அங்குலம் அகலம் கூடுகிறது, அதாவது பக்கத்துக்கு 12.7 மி.மீ. ஓஃப்செட் 13 குறைகிறது. இரண்டையும் சேர்த்தால் உள்பக்கம் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கும், வெளிப்பக்கம் மட்டும் 25.7 மி.மீ. வெளியே தள்ளும். ஒரு அங்குலம்! சமதரையில் நிற்கும்போது அழகாகத்தான் இருக்கும். பின் சீட்டில் ஆளும் சாமானும் ஏறி, கினிகத்தேனைப் பக்கம் ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி ஒருபக்கம் சாயும்போது மட்கார்டின் உள்மடிப்பு டயரின் தோளைச் சீவும். அந்த மடிப்பு கத்தி மாதிரி. டயரின் தோளில் சுற்றிவர ஒரே கோடாக நூல் நூலாக ரப்பர் உரிந்திருந்தால் அதுதான் காரணம்.

அதே எட்டு அங்குலத்தில் ஓஃப்செட் 45 தேடுங்கள். உள்ளே சுமார் 10, வெளியே சுமார் 16 மி.மீ. எனப் பிரியும். போட்ட பிறகு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, பின்னால் இரண்டு பேரை ஏற்றி, உள்ளே ஷொக்குக்கும் டயருக்கும் இடையில் விரல் நுழைகிறதா என்று பாருங்கள். விரல் போகாவிட்டால் அந்த ரிம் உங்களுக்கு இல்லை.

கேள்வி (வெலிமடை): 86க்கு மலிவாக ஒரு செட் கிடைத்தது. ஐந்து போல்ட் தான். ஆனால் பிசிடி (போல்ட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 114.3 மி.மீ. என்கிறார்கள். ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கிப் போடலாமா?

கூடாது. உங்கள் கார் 5க்கு 100, அது 5க்கு 114.3. ஓட்டையைக் கடைந்து போடுகிறவன் நல்ல மெக்கானிக் இல்லை, அவனிடம் காரையே கொடுக்காதீர்கள்.

பிசிடி பொருந்தும் ரிம் கிடைத்தாலும் நடு ஓட்டையைப் பாருங்கள். 86க்கு 56.1 மி.மீ., வெளியில் விற்கும் ரிம் பலவற்றில் 73.1 இருக்கும். அந்த இடைவெளிக்கு ஒரு வளையம் வரும், பிளாஸ்டிக்கிலும் உண்டு, அலுமினியத்திலும் உண்டு. அது இல்லாமல் போட்டால் 80, 90 வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும், நீங்கள் பலன்சிங் செய்து செய்து காசைக் கொட்டுவீர்கள்.

கேள்வி (கம்பளை): அண்ணா, நான் ஹொண்டா சிஆர்-இஸட் ஓட்டுகிறேன். 195/55/16 இலிருந்து 205/45/17க்கு மாற்றினேன், அளவு சரி என்று நினைக்கிறேன். புது டயரில் 84 வி என்று இருக்கிறது, பழையதில் 87 இருந்தது. பரவாயில்லையா?

தங்கச்சி, நல்ல கேள்வி, பலர் இதைப் பார்ப்பதே இல்லை. அளவு சரிதான், விட்டம் ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை. ஆனால் 87 என்றால் ஒரு டயர் 545 கிலோ தாங்கும், 84 என்றால் 500. டயருக்கு 45 கிலோ போய்விட்டது. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பாரத்தின் பெரும்பகுதி முன் டயர்களில் விழும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதே அளவில் 88 எக்ஸ்எல் (கூடுதல் பாரம் தாங்கும் வகை) என்று வரும், 560 கிலோ. அதற்கு மாறுங்கள். எக்ஸ்எல் போட்டால் கதவில் ஒட்டியிருக்கும் அளவைவிட இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூட அடிக்க வேண்டும். 'வி' என்பது வேகம், 240 வரை. அதைப் பற்றி நம்ம ரோட்டில் யோசிக்கத் தேவையில்லை.

கேள்வி (நுவரெலியா): கொழும்பில் 33 பிஎஸ்ஐ அடித்துவிட்டு வீட்டுக்கு வருகிறேன். மேலே குளிர், காற்று குறையும் என்று ஒருவர் சொல்கிறார், உயரத்தில் கூடும் என்று இன்னொருவர். எது சரி?

இரண்டு பேரும் சரி, அதனால்தான் நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை. 30 பாகையிலிருந்து 12 பாகைக்கு இறங்கினால் டயருக்குள் இருக்கும் காற்று சுருங்கி மூன்று பிஎஸ்ஐ அளவு விழும். அதே நேரம் 1,868 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தைவிட மூன்று பிஎஸ்ஐ அளவு குறைவு. கேஜ் காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான், ஆகவே அந்த அளவு கூடிக் காட்டும். இரண்டும் கழிந்து, விடிகாலையில் பார்த்தாலும் 33க்குப் பக்கத்தில்தான் நிற்கும். நமக்கு இயற்கை கொடுத்த சலுகை என்றே சொல்வேன்.

எப்போது பார்க்கிறீர்கள் என்பதுதான் விஷயம். இறக்கம் முழுக்க பிரேக் பிடித்து வந்து உடனே பார்த்தால் நாலைந்து பிஎஸ்ஐ கூடிக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றைத் திறந்து விடாதீர்கள். காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள். பக்கச்சுவர் குறைந்த டயரில் இரண்டு பிஎஸ்ஐ குறைந்தாலே குழியில் ரிம் அடிபடும்.

கேள்வி (பசறை): 225/35/18 போட்டிருந்தேன். தோட்டப் பாதையில் ஒரு குழி, முன் ரிம்மின் உள் விளிம்பு வளைந்துவிட்டது. தட்டி நிமிர்த்திக் கொடுப்பதாகக் கராஜில் சொல்கிறார்கள். நம்பலாமா?

உங்கள் டயரில் பக்கச்சுவர் 79 மி.மீ. தான். ஓரம் உடைந்து, மழைத் தண்ணீர் நிரம்பி, ஆழம் தெரியாத குழி நிறைந்த ரோட்டுக்கு அது போதாது. ரிம் வளைந்ததற்கு நீங்கள் ஓட்டிய விதத்தைக் குறை சொல்ல மாட்டேன், அளவையே குறை சொல்வேன்.

விளிம்பு மட்டும் லேசாக வளைந்திருந்தால் நிமிர்த்தலாம். ஆனால் நிமிர்த்திய பிறகு உள்பக்கத்தைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள், மயிரிழை வெடிப்பு இருந்தாலும் அது முடிந்த ரிம். வெடிப்பை வெல்டிங் செய்து தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள், ஒரு பக்கம் பள்ளத்தாக்கு இருக்கும் ரோட்டில் ஓடுகிறீர்கள். வாங்கும்போது ஜப்பான் ரிம்மில் ஜேடபிள்யூஎல், விஐஏ என்ற தர முத்திரை வார்க்கப்பட்டிருக்கும், நகல் ரிம்மிலும் அதைப் போட்டு விற்கிறார்கள், ஆகவே முத்திரையை மட்டும் நம்பாமல் யார் செய்தது என்று பாருங்கள். பசறையில் இருப்பவருக்கு என் பதில் 17, அதற்கு மேல் இல்லை.

கேள்வி (தலவாக்கலை): ரிம்மோடு வந்த ஜப்பான் டயர், பட்டன் எல்லாம் (தரையைத் தொடும் ரப்பர்க் கட்டைகள்) நிறைய இருக்கு. அப்படியே ஓடலாமா?

பட்டனைப் பார்க்க முன் வயதைப் பாருங்கள். பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்: 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஆறு வருடத்துக்கு மேல் என்றால் ரப்பர் இறுகியிருக்கும், நகத்தால் அழுத்தினால் பதியாது, பட்டன்களுக்கு நடுவே சின்னச் சின்ன வெடிப்பு தெரியும். தலவாக்கலையில் பனியும் தூறலும் சேர்ந்த காலையில் அந்த டயர் தார் ரோட்டில் பிடிக்காது. ரிம்மை வைத்துக்கொண்டு டயரைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி (ஹப்புத்தளை): முன்னுக்கு 205, பின்னுக்கு 225 போட்டால் பிடிமானம் கூடுமா?

பின்னுக்குக் கூடும், அதனால் வளைவில் முன்பக்கம் வெளியே இழுக்கும். முன் பின் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமப்படுத்தவும் முடியாது. நாலும் ஒரே அளவு போடுங்கள்.

கேள்வி (நானுஓயா): மகாகஸ்தொட்டை, ரதெல்ல மலையேற்றப் போட்டிகளுக்குப் போக ஆசை. 17 நல்லதா, 15 நல்லதா?

பிரேக்குக்கு இடம் இருக்கும் வரை சின்னது நல்லது. பாரம் குறையும், டயரின் விட்டமும் கொஞ்சம் குறைந்தால் கியர் குறுகி ஏற்றத்தில் வண்டி துள்ளிப் போகும். மென்மையான பந்தய ரப்பர் என்று எதையாவது வாங்கும் முன் சூடு ஏறாமல் பிடிக்குமா என்று கேளுங்கள், அந்தக் குளிரில் ஓட்டமே கொஞ்ச நேரம்தான், சூடேற முன் முடிந்துவிடும். அப்புறம், டயர் ஏற்ற முன் வெறும் ரிம்மை மாட்டி, நட் எல்லாம் இறுக்கி, கையால் ஒரு சுற்றுச் சுற்றி, பிரேக் கலிபரில் எங்கேயாவது தொடுகிறதா என்று பாருங்கள்.